பெருங்குடலில் வரும் அழற்சிப் பாலிப்புகள்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ன தலைப்பு என்று செயலாளர் போனில் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு மெதுவாக, "சார், கூட்டம் முடிந்ததும் டிபன் ஏற்பாடு பண்ணியிருக்கோமே" என்றார். டிபனுக்குப் பங்கம் வராமல் பேசுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 1971-ல் பி.எஸ்ஸி. ரசாயனம் முடித்து, மத்திய அரசு உத்தியோகத்தில் 36 வருஷம் ஃபைல் பார்த்து ரிடையர் ஆனவன். இந்த விஷயத்தைப் படிக்க நேர்ந்தது என் ஷட்டகரால். அவருக்கு வந்த வியாதி மிக அபூர்வமானது. அதைப் பற்றிப் பேசட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேர் மட்டும் வேண்டாம், பாக்கி எல்லாம் சொல்லு, நாலு பேருக்கு உபயோகமாக இருக்கட்டும்" என்றார். அந்த அனுமதியின் பேரில்தான் இந்தப் பேச்சு.

நம்மவர்களுக்கு வயிற்றைப் பற்றிப் பேசக் கூச்சமே கிடையாது. காலையில் காபி உள்ளே போனால்தான் காரியம் நடக்கும், நேற்று சேப்பங்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றெல்லாம் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடமே சொல்லுவோம். ஆனால் மலத்தோடு ரத்தம் போகிறது என்பதை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். நமக்கு நாமே "மூலம்" என்று முடிவு கட்டுவோம். இல்லாவிட்டால் "உடம்பு உஷ்ணம்" என்று இரண்டு நாள் மோரும் இளநீரும் குடிப்போம். ரத்தம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். மூலம் இருக்கிற ஒருவருக்கே அதற்கு மேலே, குடலின் உட்புறத்தில் வேறொன்றும் இருக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இந்தச் சங்கோஜம் நமக்கு மட்டும் உரியதல்ல. லண்டனில் 1835-ல் ஃப்ரெடரிக் சால்மன் என்ற சர்ஜன் ஆசனவாய், மலக்குடல் வியாதிகளுக்கென்றே ஒரு சிறிய மருத்துவமனை ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனை என்று உலகப் பிரசித்தி பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸுக்குப் பௌத்திரம் வந்து, 1841-ல் சால்மன்தான் ஆபரேஷன் செய்தார். மயக்க மருந்து கண்டுபிடிப்பதற்கு முந்தைய காலம் அது. நினைத்துப் பாருங்கள்! இந்த மருத்துவமனையின் பெயர் மறுபடியும் வரும்.

முதலில், பாலிப் என்றால் என்ன? நமது பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசிப் பகுதி மலக்குடல். அதற்குச் சற்று மேலே வளைந்து நெளிந்து செல்வது சிக்மாய்டு. இவற்றின் உட்சுவரில் ஈரமான, மிருதுவான ஜவ்வு உண்டு. அந்த ஜவ்விலிருந்து மரு போலவோ, காளான் போலவோ துருத்திக்கொண்டு வளருகிற எதற்கும் பாலிப் என்றுதான் பெயர். ஆகவே பாலிப் என்பது ஒரு வியாதியின் பெயர் இல்லை. அது உருவத்தைச் சொல்லும் வார்த்தை, அவ்வளவே. கொலனாஸ்கோபி ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடுகிறது. அதற்குக் காரணம் அடினோமா என்கிற ஒரு வகை. அது செல்களே கட்டுப்பாடு தவறி வளர்வது. பல வருஷங்களில் சிலருக்குப் புற்றுநோயாக மாறக்கூடியது. அதைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும் என்பதில் இரண்டாவது அபிப்பிராயமே இல்லை.

இன்று நான் பேச வந்தது அதைப் பற்றி அல்ல. அழற்சியால் உண்டாகும் பாலிப்புகளைப் பற்றி. புண், வீக்கம், ஆறுதல், மறுபடியும் புண் என்று ஜவ்வு அவதிப்படும்போது தோன்றும் மேடுகள் இவை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், க்ரோன்ஸ் ஆகிய நீண்டகாலக் குடல் அழற்சி உள்ளவர்களுக்குச் சுற்றிலும் புண்ணாகிப் பள்ளம் விழ, நடுவில் மிஞ்சிய ஜவ்வு தீவு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். இதற்குப் பொய்ப் பாலிப் என்றே பெயர். இவை தாமாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் அடியில் இருக்கும் கொலைட்டிஸ் பல வருஷம் நீடித்தால் குடலுக்கே அந்த அபாயம் கூடும் என்பதால் டாக்டர்கள் அவ்வப்போது உள்ளே பார்க்கச் சொல்வார்கள். எகிப்தில் ஷிஸ்டோசோமா என்ற புழுவின் முட்டைகள் குடல் சுவரில் தங்கி இதே போலப் பாலிப்புகளை உண்டாக்குகின்றன. தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் 1851-ல் கெய்ரோவில் கண்டுபிடித்த புழு அது. நம் நாட்டில் அமீபா சில சமயம் கட்டி போலவே திரண்டு புற்றுநோயோ என்று பயமுறுத்தும். குடல் காச நோயும் அப்படித்தான். பார்வைக்கு எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. சிகிச்சையோ ஒன்றுக்கொன்று நேர் விரோதம். காச நோய் இருப்பவருக்கு அதைக் கொலைட்டிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் குடும்பத்தில் மிக அபூர்வமானது "தொப்பி பாலிப்" என்பது. 1985-ல் வில்லியம்ஸ், பஸ்ஸி, மோர்சன் என்ற மூன்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை முதன்முதலாகத் தனியாக வகைப்படுத்தினார்கள். பஸில் மோர்சன் அந்த செயிண்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் நோய்க்குறியியல் நிபுணர். குழந்தை ஓடி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால், மறுநாள் புண்ணின் மேல் வெளிர் மஞ்சளாக ஒரு படலம் படிந்திருக்குமே, அதே மாதிரிப் படலம் சிவந்த பாலிப்பின் தலையில் தொப்பி வைத்தது போல் உட்கார்ந்திருக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து 2 சென்டிமீட்டர் வரை பருமன் இருக்கலாம். ஒன்றிரண்டும் இருக்கலாம், டஜன் கணக்கிலும் இருக்கலாம். பெரும்பாலும் மலக்குடலிலும் சிக்மாய்டிலும்தான் வரும். முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு: ஒரு பாலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள ஜவ்வு ஆரோக்கியமாகவே இருக்கும். அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அப்படி இல்லை. அழற்சி கீழிருந்து மேலே இடைவெளி விடாமல் பரவியிருக்கும்.

உபாதைகள் என்ன? சளி சளியாகப் பேதி, ரத்தம், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போன்ற வேதனை, எடை குறைவு. சளியோடு கூட ரத்தத்தில் உள்ள புரதமும் வெளியேறிக்கொண்டே இருப்பதால் சிலருக்குக் கால் வீங்கும்.

என் ஷட்டகருக்கு அந்தக் கால் வீக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. அது 2017. அவருக்கு அப்போது வயது 64. வீக்கம் என்றதும் இருதயத்தைப் பார்த்தார்கள், சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். இரண்டும் சரி. ரத்தத்தில் ஆல்புமின் 3.5-க்கு மேல் இருக்க வேண்டியது 2.3 இருந்தது. ஏன் என்று துருவிக் கேட்ட பிறகே, நாளைக்குப் பத்துத் தடவை சளியும் ரத்தமும் போவதை வாயைத் திறந்து சொன்னார். கொலனாஸ்கோபி செய்து அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்றார்கள். மெஸலமைன் மாத்திரை, பிறகு ஸ்டீராய்டு. எட்டு மாதம் ஆயிற்று, குணம் தெரியவில்லை. எடை 11 கிலோ குறைந்தது. கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனையில், இது பரவியிருப்பதால் மலக்குடலையே எடுத்துவிட்டு வயிற்றில் துவாரம் போட்டுப் பை பொருத்துவதுதான் வழி என்று சொல்லித் தேதியும் குறித்துவிட்டார்கள்.

ஆபரேஷனுக்கு அவர் பயப்படவில்லை. அந்தப் பையை வைத்துக்கொண்டு மடியாகப் பூஜை பண்ணுவது எப்படி, அப்பா சிராத்தம் செய்வது எப்படி என்பதுதான் அவர் கவலை. இரவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்ததாக என் மைத்துனி அழுதாள். இங்கே ஒரு வார்த்தை. அந்தப் பை இன்று எத்தனையோ பேரைப் பல்லாண்டு உயிரோடும் கௌரவத்தோடும் வாழ வைத்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய்க்கு அது அவசியம் என்று டாக்டர் சொன்னால் ஆசாரத்தைக் காட்டி மறுக்கவே கூடாது. சாஸ்திரமும் அப்படி மறுக்கச் சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். இவர் விஷயத்தில் கேள்வி வேறு. அது அவசியம்தானா?

அவர் பிள்ளை கெட்டிக்காரன். பயாப்ஸி ஸ்லைடுகளை வாங்கி, வேறு ஊரில் குடல் நோய்களை மட்டுமே பார்க்கும் ஒரு நோய்க்குறியியல் நிபுணரிடம் கொண்டுபோனான். அந்த அம்மாள் ஸ்லைடைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்களாம். "பாலிப்புகளுக்கு நடுவில் உள்ள இடம் எப்படி இருந்தது? உங்கள் அப்பா டாய்லெட்டில் எவ்வளவு நேரம் உட்காருவார்?" முதல் கேள்விக்குக் கொலனாஸ்கோபி படங்களே பதில் சொல்லின. நடு இடம் சுத்தமாக இருந்தது. இரண்டாவது கேள்விக்கு வீட்டில் எல்லோருக்கும் பதில் தெரியும். பேப்பரோடு உள்ளே போனால் தலையங்கம் முதல் டெண்டர் அறிவிப்பு வரை படித்து முடித்து 40 நிமிஷம் கழித்துத்தான் வருவார். மலச்சிக்கல் சிறு வயது முதலே. முக்கி முக்கித்தான் போவார். எட்டு மாதத்தில் இதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காததை அவரும் சொல்லவில்லை.

டாய்லெட்டில் உட்காருவதற்கும் பாலிப்புக்கும் என்ன சம்பந்தம்? தினமும் நெடுநேரம் முக்கும்போது மலக்குடலின் ஜவ்வு தளர்ந்து கீழ்நோக்கிச் சரிகிறது. அதன் மடிப்புகளின் முகடுகள் ஒன்றோடொன்று உரசுகின்றன, நசுங்குகின்றன, ரத்த ஓட்டமும் குறைகிறது. வருஷக்கணக்கில் இது நடந்தால் முகட்டில் புண். புண்ணின் மேல் படலம். அடியில் தசை நார்கள் மேல்நோக்கி ஊடுருவி வளர்தல். மைக்ராஸ்கோப்பில் நிபுணர் கண்டது இந்த நார்களையும், நீண்டு நெளிந்த சுரப்பிகளையும்தான். இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மாடிகன், மோர்சன் இருவரும் 1969-ல் விவரித்த "ஒற்றை மலக்குடல் புண்". பெயர்தான் ஒற்றை, பல பேருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கும். பெயர்தான் புண், சிலருக்குப் பாலிப்பாகவே இருக்கும். நம் நாட்டில் இது அப்படி ஒன்றும் அபூர்வமில்லை. பல டாக்டர்கள் தொப்பி பாலிப்பும் இதுவும் ஒரே மரத்தின் இரு கிளைகள் என்கிறார்கள்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஜப்பானில் 2002-லிருந்து சில மருத்துவர்கள் வேறொன்றைத் தெரிவித்தார்கள். தொப்பி பாலிப் உள்ள சிலருக்கு இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருந்தது. அதை ஒழிக்க மருந்து கொடுத்ததும் பெருங்குடலில் இருந்த பாலிப்புகள் மறைந்துவிட்டன! இந்தக் கிருமியின் சரித்திரமே ருசிகரமானது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இந்தக் கிருமிதான் என்றார்கள். யாரும் நம்பவில்லை. மார்ஷல் 1984-ல் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

ரசாயனம் படித்தவன் என்பதால் இதற்கான மூச்சுப் பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கார்பன் 13 அல்லது கார்பன் 14 சேர்ந்த யூரியாவைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இந்தக் கிருமியிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடும். அந்தக் குறியிட்ட கார்பன் மூச்சில் வெளிவந்தால் உள்ளே ஆசாமி இருக்கிறான் என்று அர்த்தம். கத்தி இல்லை, குழாய் இல்லை. பரிசோதனைக்கு 2 வாரம் முன்பே அமிலம் குறைக்கும் மாத்திரையையும், 4 வாரம் முன்பே ஆன்டிபயாடிக்குகளையும் டாக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

ஷட்டகருக்கு மூச்சில் கிருமி இருப்பது தெரிந்தது. ஆபரேஷன் தேதியைத் தள்ளி வைத்தார்கள். 14 நாள் மருந்து: அமிலம் குறைக்க ஒன்று, அமாக்ஸிசிலின், க்ளாரித்ரோமைசின். கூடவே பயோஃபீட்பேக் என்ற பயிற்சி. முக்கும்போது தளர வேண்டிய தசையைச் சிலர் தம்மை அறியாமல் இறுக்குகிறார்கள்; அதைக் கருவியில் காட்டித் தளர்த்தக் கற்றுக்கொடுக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் சளி குறைந்தது. இரண்டு மாதத்தில் ஆல்புமின் 3.6. ஆறு மாதம் கழித்துப் பார்த்த கொலனாஸ்கோபியில் இரண்டு தழும்புகள் மட்டும். அது 2018. இன்று வரை திரும்ப வரவில்லை. ஆவணி அவிட்டத்துக்குப் போனபோது எனக்கு முன்னால் பூணூல் மாற்றிக்கொண்டு சாப்பாட்டு இலையில் உட்கார்ந்துவிட்டார்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் மருந்துக் கடையில் போய் நிற்காதீர்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி இரைப்பையில் இருக்கிறது. தொப்பி பாலிப்போ லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆகவே கிருமி மட்டுமே காரணம் என்பது தர்க்கத்துக்கு ஒத்துவரவில்லை. தவிர, குடல் பாலிப்பில் தேடிப் பார்த்தபோது அங்கே இந்தக் கிருமி கிடைக்கவில்லை. அது இருப்பது இரைப்பையில், வியாதியோ மலக்குடலில். நடுவில் எத்தனை மீட்டர்! கிருமியை எதிர்க்கும் உடம்பின் பாதுகாப்புப் படை குடலையும் சேர்த்து அடிக்கிறதா, அல்லது அந்த ஆன்டிபயாடிக்குகள் குடலில் வேறு ஏதோ கிருமியைச் சாய்க்கின்றனவா என்பது இன்னும் தீரவில்லை. கிருமி இல்லாதவர்களுக்கும் இந்த வியாதி வந்திருக்கிறது. கிருமியை ஒழித்தும் பாலிப் போகாதவர்களும் உண்டு. என் ஷட்டகருக்கே மருந்தும் பயிற்சியும் ஒரே சமயத்தில் நடந்தன. லேபில் இரண்டு திரவங்களை ஒன்றாகக் கொட்டிவிட்டு எது நிறத்தை மாற்றியது என்று கேட்டால் வாத்தியார் ஃபெயில் போடுவார். ஆனாலும் மூச்சை ஊதிப் பார்ப்பது மலக்குடலை எடுப்பதைவிட எளிது என்பதால், கத்திக்கு முன்னால் இதைச் செய்து பார்ப்பதே புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றச் சிகிச்சைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெட்ரனிடஸோல் சிலருக்குக் கேட்டிருக்கிறது. ஸ்டீராய்டு சிலருக்குத் தற்காலிக நிவாரணம். மெஸலமைனால் அவ்வளவாகப் பிரயோஜனமில்லை. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற விலையுயர்ந்த ஊசி சிலருக்குப் பலித்திருக்கிறது, சிலருக்கு இல்லை. நம் நாட்டில் அதைப் போடுமுன் உடம்பில் காச நோய் உறங்கவில்லை என்று உறுதி செய்தாக வேண்டும். பாலிப்புகள் கொஞ்சமாக இருந்தால் கொலனாஸ்கோப் வழியாகவே எடுக்கலாம். ஒன்றும் கேட்காதபோது ஆபரேஷன்தான். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு தையலுக்கு மேலே மறுபடியும் முளைத்த கேஸ்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எதுவும் செய்யாமல் தானாக மறைந்ததும் உண்டு.

மலச்சிக்கலுக்கு நாம் வீட்டிலேயே செய்யக்கூடியது நிறைய. இஸப்கோல் குஜராத்தில் உஞ்ஜா மண்டியிலிருந்து உலகத்துக்கே போகிறது, நமக்குக் கிடைக்காதா? ஆனால் ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரோடு சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு நேராகிறது. முழங்கால் வலியால் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியவர்கள் காலடியில் குட்டை முக்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதிப் பலன் கிடைக்கும். பேப்பரும் செல்போனும் வெளியிலேயே இருக்கட்டும். பத்து நிமிஷத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிட்டு மறுபடி உந்துதல் வரும்போது போகலாம்.

கொலனாஸ்கோபிக்குப் பலர் அஞ்சுகிறார்கள். முதல் நாள் குடிக்கிற அந்த இரண்டு மூன்று லிட்டர் பேதி மருந்துதான் கஷ்டம். சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த தலைமுறை நாம். ஏகாதசி இருந்து பழகியவர்களுக்குப் பட்டினியும் பெரிதில்லை. ரத்தம் இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, சிறுநீரகக் கோளாறு இவற்றை மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரத்தம் போவது, காரணம் தெரியாத ரத்தசோகை, புதிதாக மாறிய மலப் பழக்கம், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் நம் வயதில் ஒத்திப்போடக் கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது பிள்ளைகளின் பொறுப்பு. நாங்களாகச் சொல்ல மாட்டோம்.

கடைசியாக ஒன்று. பயாப்ஸிக்கு எடுத்த துணுக்கை லேபில் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருப்பார்கள். அதிலிருந்து வேண்டியபோது புதிய ஸ்லைடு வெட்டலாம். எழுதிக் கேட்டால் கட்டியையும் ஸ்லைடையும் தருவார்கள். அவற்றை வேறு ஊரிலுள்ள நிபுணருக்கு அனுப்பலாம். நோயாளி பிரயாணம் செய்யத் தேவையில்லை. அனுப்பும்போது கொலனாஸ்கோபி படங்களையும், எத்தனை வருஷமாக மலச்சிக்கல், எவ்வளவு நேரம் உட்காருகிறார், வீட்டில் யாருக்காவது காச நோய் இருந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நம் சங்க அன்பர்கள் பல நகரங்களில் இருக்கிறார்கள். நம்பகமான நபர் மூலம் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மருந்தின் அளவு மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் கேட்கத் தயங்குகிறவர்கள் டிபன் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்காரலாம்.